போனில் பதிவான குரலை ஒப்பிடுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிரட்டல் அழைப்பு, கந்துவட்டிக் கெடுபிடி, லஞ்சப் பேரம், சொத்துத் தகராறில் வாய்மொழியாகக் கொடுத்த ஒப்புதல் என்று பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் நீதிமன்றங்களுக்குப் போகும் பல வழக்குகளில் இன்று ஒரு செல்போன் பதிவு இருக்கிறது. "இது இன்னார் குரல்தானா?" என்ற கேள்வி அங்கே வரும். அதற்கான பதில், போன் அந்தக் குரலை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. வழக்கறிஞர்களும் புகார்தாரர்களும் பதிவைக் கையாளும் காவலர்களும் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

போன் வழியாக வரும்போது குரலில் எது போகிறது?

மேலும் கீழும் வெட்டு விழுகிறது. மனிதக் குரலின் ஆற்றல் சுமார் 80 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாலும் பரவியிருக்கும். பழைய தரைவழி போனும் 2ஜி செல்போனும் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 3,400க்கு மேலே போனதில் முதல் பலி "ஸ". அதன் அடையாளமே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. போனில் பெயரைச் சொல்லும்போது "ஸ"வா "ஃப"வா என்று குழம்புவது இதனால்தான். ஒருவர் "ஸ"வை எப்படி உச்சரிக்கிறார் என்பது நேரடிப் பதிவில் நல்ல அடையாளம். 2ஜி பதிவில் அதைப் பற்றி எந்த ஆய்வாளரும் வாய் திறக்கக் கூடாது.

300க்குக் கீழே நடப்பது இதைவிட நுட்பமானது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் மடங்குகள் 220, 330, 440 என்று வரிசையாக வரும். 110உம் 220உம் போனில் அடங்கிவிடும். ஆனாலும் மிச்சமிருக்கும் மடங்குகளுக்கு இடையே உள்ள தூரம் 110தான், அதனால் குரலின் சுருதியைக் கண்டுபிடித்துவிடலாம். நம் காதும் அதைத்தான் செய்கிறது. சிக்கல் உயிரெழுத்துகளில் வருகிறது.

உயிரெழுத்தில் என்ன சிக்கல்?

வாய்க்குழியின் வடிவத்தால் சில அதிர்வெண்கள் எடுப்பாகக் கேட்கும். அவற்றை ஃபார்மண்ட் என்பார்கள். முதல் ஃபார்மண்ட், இரண்டாம் ஃபார்மண்ட், மூன்றாம் ஃபார்மண்ட் என்று எண்ணுவார்கள். குரல் ஒப்பீட்டில் இவை முக்கிய அளவுகள்.

"இ", "உ" இரண்டுக்கும் முதல் ஃபார்மண்ட் 300 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும், அதாவது போன் வெட்டும் விளிம்பிலேயே. கீழ்ப்பாதி வெட்டுப்படுவதால் மென்பொருள் அந்த உச்சியை 350, 400 என்று மேலே தள்ளி அளக்கும். வாய் அதே வாய்தான், எண் மட்டும் வேறு. 2001இல் ஒலியியல் ஆய்வாளர் க்யூன்ஸல் இதைத் தரைவழி போனில் காட்டி எச்சரித்தார். 2004இல் பைர்ன், ஃபோக்ஸ் இருவரும் செல்போனில் அளந்தபோது, நேரடிப் பதிவைவிட முதல் ஃபார்மண்ட் சராசரியாக 29 விழுக்காடு உயர்ந்திருந்தது. இரண்டாம் ஃபார்மண்ட் பெரும்பாலும் அசையவில்லை.

இதன் நடைமுறைப் பொருள்: போன் பதிவிலுள்ள "இ"யையும் அறையில் மைக் வைத்து எடுத்த "இ"யையும் முதல் ஃபார்மண்டை வைத்து ஒப்பிட்ட அறிக்கை செல்லாது. "ஆ" அவ்வளவு மோசமில்லை, அதன் முதல் ஃபார்மண்ட் 700 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் வெட்டு எட்டாது. தமிழுக்கு இன்னொரு ஆறுதலும் உண்டு. ல, ள, ழ வேறுபாட்டில் பெரும்பங்கு மூன்றாம் ஃபார்மண்டில் இருக்கிறது. நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளில் அது தாழ்ந்து வரும், அப்போதும் போனின் அலைவரிசைக்குள்ளேயே இருக்கும். எனவே ஒருவர் "வாழைப்பழம்" என்கிறாரா, தெற்கத்தி வழக்கப்படி "வாளப்பளம்" என்கிறாரா என்பது 2ஜி பதிவிலும் தெரியும்.

இப்போது எல்லாம் 4ஜி, எச்.டி. வாய்ஸ். பழைய கதை எதற்கு?

வோல்ட்டி அழைப்பில், அதாவது 4ஜி வழியாகவே போகும் குரல் அழைப்பில், ஏ.எம்.ஆர். வைட்பேண்ட் கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறை) 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் என்பது உண்மை. ஆனால் இரண்டு முனையும் இடையிலுள்ள இணைப்பும் அதற்கு ஒத்துவர வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதோ, மாஞ்சோலை மலைப்பாதை போல டவர் எட்டாத இடத்தில் 2ஜிக்கு இறங்கும்போதோ பழைய குறுகிய அலைவரிசைக்கே வந்துவிடும். ஒரே அழைப்பின் நடுவிலும் மாறலாம். அதனால் "4ஜி போன்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பதிவின் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை, பார்க்க வேண்டும். 3,400க்கு மேலே வெறும் கறுப்பா, 7,000 வரை தடம் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: 8,000 சாம்பிளில், அதாவது ஒலியை வினாடிக்கு 8,000 முறை அளந்து, எடுத்த கோப்பை 44,100க்கு மாற்றினால் தரம் கூடாது. கோப்பின் எடைதான் கூடும்.

கோடெக் என்ன கெடுதல் செய்கிறது?

16 பிட், 8,000 சாம்பிள் கொண்ட சுருக்காத ஒலிக்கு வினாடிக்கு 128 கிலோபிட் வேண்டும். செல்போனின் ஏ.எம்.ஆர். கோடெக் அதை அதிகபட்சம் 12.2 கிலோபிட்டிலும், சிக்னல் மோசமானால் 4.75 வரையிலும் அடைக்கிறது. எப்படி? குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வாய்க்குழி வடிவத்தையும் குரல்நாண் துடிப்பையும் சில எண்களாக அனுப்புகிறது. மறுமுனையில் அந்த எண்களைக் கொண்டு குரலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். கேட்பது பேசியவரின் அலைவடிவம் அல்ல, அதன் மாதிரி.

துண்டு தொலைந்தால் முந்தைய துண்டை நீட்டி ஒட்டுப்போடுவார்கள். பேச்சு நின்ற இடத்தில் உண்மையான மௌனம் வராது, செயற்கை இரைச்சலை நிரப்புவார்கள். பின்னணி ஓசை திடீரென மாறுவதைப் பார்த்து "இங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு வாதிடுவதுண்டு. அது கோடெக்கின் வேலையாகவும் இருக்கலாம். சிக்னல் மங்கிய நேரத்தில் வரும் கரகரத்த "ரோபோ" குரலிலிருந்து குரலின் கரகரப்பு, நடுக்கம் ஆகியவற்றை அளக்கவே கூடாது.

என் போனில் நானே பதிவு செய்தேன். அதில் இரண்டு பேர் குரலும் ஒரே தரம்தானே?

இல்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. போனின் உள்ளமைந்த ரெக்கார்டரில், போனை வைத்திருப்பவர் குரல் அவர் மைக்கிலிருந்து நேரே கோப்புக்குப் போகிறது, நெட்வொர்க் வழியே போய் வருவதில்லை. எதிர்முனைக் குரல் மட்டும் எதிராளியின் மைக், அவர் போனின் இரைச்சல் நீக்கி, கோடெக், டவர் எல்லாம் கடந்து வருகிறது. ஆக ஒரே கோப்பில் இரண்டு வழிகளில் வந்த இரண்டு குரல்கள். அடையாளம் காண வேண்டியவர் பெரும்பாலும் எதிர்முனையில் இருப்பவர். அவரிடம் மாதிரி எடுக்கும்போதும் அவரை எதிர்முனையில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும்.

தனிச் செயலியில் பதிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2022 மே மாதத்திலிருந்து கூகுள் பிளே, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைப் பயன்படுத்தி அழைப்பைப் பதியும் செயலிகளை அனுமதிப்பதில்லை. மிச்சமிருப்பவற்றில் பல, ஸ்பீக்கரில் வரும் எதிர்முனைக் குரலை மைக்கில் பிடிப்பவை. அப்போது அறையின் எதிரொலி, ஸ்பீக்கரின் தகர ஓசை, மின்விசிறிச் சத்தம் மூன்றும் சேர்ந்துவிடும். ஸ்பீக்கர்போனில் இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் எதிரொலி நீக்கி ஒருவர் குரலை விழுங்கிவிடும். அந்தப் பகுதிகளை ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை.

கொடை விழாச் சத்தத்துக்கு நடுவே பேசிய பதிவு. பயன்படுமா?

இரண்டு கெடுதல் ஒன்றாக வருகிறது. ஒன்று, கோயில் குழாய் ஸ்பீக்கரும் நையாண்டி மேளமும் பேச்சை மூடுவது. இன்னொன்று, பேசுபவரே மாறிவிடுவது. சத்தத்தில் பேசும் யாரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள். 1911இல் எத்தியென் லொம்பார் விவரித்த விளைவு இது. சுருதி ஏறும், முதல் ஃபார்மண்ட் ஏறும், உயிரெழுத்து நீளும். முன்பு சொன்ன போன் விளைவும் முதல் ஃபார்மண்டை ஏற்றத்தான் செய்யும். இரண்டும் ஒரே திசையில் கூடும்போது, அமைதியான அறையில் எடுத்த மாதிரி வேறொருவர் குரல் போலவே அளவுகளில் தெரியும்.

குற்றால சீசனில் அருவிப்பக்கம் பேசியது வேறு வகை. அருவி இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருப்பதால் மெல்லிய மெய்யெழுத்துகளை முதலில் மூடும். ஆடிக்காற்று மைக்கில் மோதினால் தாழ்ந்த அதிர்வெண்ணில் இடிஇடியென்று விழும். காற்றாலைகள் இருக்கும் கயத்தாறு, ராதாபுரம் பக்கப் பதிவுகளில் இது சகஜம். சிலர் அதைப் பின்னால் வடிகட்டலாம் என்கிறார்கள். மைக்கே நிரம்பித் தட்டையாகிவிட்டால் வடிகட்ட எதுவும் மிச்சமிருக்காது.

பேச்சு இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். 10க்குக் கீழே போனால் ஃபார்மண்ட் அளவுகளை நம்புவது கடினம். சுருதியும் பேச்சுப் பாங்கும் அதற்குப் பிறகும் கொஞ்சம் தாங்கும்.

எவ்வளவு நேரப் பதிவு வேண்டும்?

கோப்பின் நீளம் கணக்கில்லை. மௌனம், எதிராளி பேச்சு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது, இரைச்சல் எல்லாம் கழித்து மிஞ்சும் நிகரப் பேச்சுதான் கணக்கு. அது 30 வினாடிக்கு மேல் இருந்தால் வசதி, ஒரு நிமிடம் நல்லது. "சரி… ஆங்… சொல்லும்… பாப்போம்" என்று நான்கு நிமிடம் பேசிய அழைப்பில் நிகரம் 8 வினாடி வருவதுண்டு. அதை வைத்து உறுதியாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

"ஏலே", "வே" என்று பேசினாரே, அது அடையாளம் ஆகாதா?

தென்மாவட்டத்துக்காரர் என்பதற்கு அடையாளம். ஆளுக்கு அடையாளம் அல்ல. "சொல்லுதான்", "நிக்கான்", "வாரான்" என்ற வினைகளும் அப்படியே. இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் சந்தேக நபரும் பேசுகிறார், அவரைப் பிடித்த காவலரும் பேசுகிறார், அவர் பக்கத்து வீட்டுக்காரரும் பேசுகிறார். ஒப்பீட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும்: இரண்டு பதிவும் எவ்வளவு ஒத்திருக்கின்றன? இந்த ஒற்றுமை இந்த வட்டாரத்தில் எவ்வளவு சாதாரணம்? சென்னையில் உட்கார்ந்து கேட்பவருக்கு "வே" அபூர்வமாகத் தோன்றும், திசையன்விளையில் அதற்கு எடையே இல்லை. ஒப்பிடப் பயன்படுத்தும் பின்னணிக் குரல் தொகுப்பு இந்தப் பகுதி ஆண்களின், அதுவும் போனில் பதிவான, குரலாக இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

எடை கூடுவது வேறு வகைத் தடங்களில்: திக்கல், குறிப்பிட்ட ஓர் ஒலியை மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் சொல்வது, வாக்கியத்தை முடிக்கும் இழுவை, மூச்செடுக்கும் இடம்.

மாதிரிக் குரலை எப்படி எடுக்க வேண்டும்?

சட்டத்தில் இருந்து தொடங்குவோம். 2019 ஆகஸ்ட் 2 அன்று ரித்தேஷ் சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், குரல் மாதிரி கொடுக்க நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349ஆவது பிரிவில் அது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. காவல் நிலையத்திலேயே நைசாகப் பேச்சுக் கொடுத்துப் பதிந்துகொள்வது பின்னால் வழக்கையே ஆட்டும்.

முதலில் சர்ச்சைக்குரிய பதிவைக் கேட்டு, அது எந்த அலைவரிசை, எந்தக் கோடெக், என்ன மனநிலைப் பேச்சு என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியை அதற்கு ஏற்பத் திட்டமிட வேண்டும். வயர்லெஸ் அலறும் நிலைய அறை வேண்டாம். திரைச்சீலையும் பீரோவும் உள்ள சிறிய அறை போதும், ஃபேனை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து 15, 20 சென்டிமீட்டரில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பதிவு 16 பிட், 44,100 சாம்பிள், சுருக்காத வேவ் கோப்பு. அதே நேரத்தில் அவர் கையில் ஒரு போனைக் கொடுத்து, வேறு அறையில் உள்ள இன்னொரு போனுக்குப் பேச வைத்து அங்கேயும் பதியுங்கள். சர்ச்சைப் பதிவு 2ஜி என்றால் செட்டிங்கில் 2ஜியைக் கட்டாயமாக்கிப் பேச வையுங்கள். ஒரே பேச்சு இரண்டு வழியிலும் கிடைத்துவிட்டால், போன் எவ்வளவு மாற்றியது என்பதை அந்த ஆளின் குரலிலேயே அளந்துவிடலாம்.

என்ன பேச வைப்பது? இங்கேதான் தமிழில் பெரிய பள்ளம். தாளில் எழுதியதைக் கொடுத்து மூன்று முறை வாசிக்கச் சொல்வது வழக்கம். நம் ஆட்கள் தாளைக் கையில் வாங்கியதும் ஏட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். போனில் "சொல்லுதேன்" என்றவர் இங்கே "சொல்கிறேன்" என்பார். ஒலியே வேறு. பேச்சில் "வந்தான்" என்பதன் கடைசி "ன்" மறைந்து மூக்கொலி கலந்த "ஆ" ஆகிவிடும், வாசிப்பில் "ன்" முழுதாக வரும். மூக்கொலி சேர்ந்தால் ஃபார்மண்ட் அளவு மாறும். மிரட்டலாகப் பேசிய வேகமும் பள்ளிக்கூட வாசிப்பு வேகமும் ஒன்றாகாது. ஆகவே முதல் 10 நிமிடம் ஊர், வேலை, பஸ், மழை என்று சாதாரணப் பேச்சு. நெல்லைக்காரர் ஒருவரே பேச்சுக் கொடுப்பது நல்லது. அதன் பிறகு வாசிப்பு. வாசிக்கக் கொடுக்கும் பகுதியில் சர்ச்சைப் பதிவின் சொற்கள் சில வரலாம், குற்றம் சாட்டும் வாக்கியத்தையே வாசிக்க வைக்கக் கூடாது என்பது 2016இல் சுதிர் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி.

வேண்டுமென்றே குரலை மாற்றிப் பேசுகிறாரா? 10 நிமிட இயல்புப் பேச்சில் வேடத்தைத் தொடர்ந்து காப்பாற்றுவது கடினம். வாசிப்பில் எளிதாக நடித்துவிடலாம்.

வாட்ஸாப் வாய்ஸ் நோட் என்றால்?

சாதாரண அழைப்பைவிட நல்ல சரக்கு. ஓபஸ் கோடெக்கில், பெரும்பாலும் 16,000 சாம்பிளில் இருக்கும், எனவே 3,400க்கு மேலும் ஒலி கிடைக்கும், "ஸ"வும் கிடைக்கும். மூலக் கோப்பையே எடுங்கள். இன்னொரு போனில் ஓட விட்டு இங்கே ரெக்கார்ட் செய்வது, வீடியோவாக மாற்றி அனுப்புவது, எம்பி3 ஆக்குவது எல்லாம் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுதான். சுருக்கியதை மறுபடி சுருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய தடங்கள் அழியும்.

பதிவு என்னிடம் இல்லை. போன் கம்பெனியிடம் கேட்டால் கிடைக்குமா?

பேச்சு கிடைக்காது. எந்த எண், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் என்ற அழைப்பு விவரம்தான் இருக்கும், அதுவும் காவல் துறை அல்லது நீதிமன்றம் வழியாக. 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதிப்படி அதை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இருந்தாலும் சீக்கிரம் கேளுங்கள்: அழைப்பு 2ஜியா 4ஜியா என்று தீர்மானிக்க டவர் விவரம் உதவும்.

பதிவை எப்படிப் பாதுகாப்பது?

கோப்பைத் திருத்தாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், "சத்தத்தைக் குறைத்து" அனுப்பாதீர்கள். இரைச்சல் நீக்கிய பிரதி கேட்பதற்கு மட்டும், அளப்பதற்கு மூலமே வேண்டும். போனையே ஒப்படைப்பது உத்தமம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எழுத வேண்டும், அதனால் கைப்பற்றிய அன்றே எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் எடுத்துப் பஞ்சநாமாவில் குறித்துவிட்டால் பிற்பாடு வம்பில்லை.

அண்ணன் தம்பி குரலைப் பிரிக்க முடியுமா?

நேரடிப் பதிவிலேயே கடினம். போனில் மகனை அப்பா என்று நினைத்துப் பேசியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒப்பீட்டில் சகோதரர்கள் பெயர் அடிபட்டால் அவர்கள் எல்லோரிடமும் மாதிரி எடுக்காமல் அறிக்கை எழுதக் கூடாது.

அறிக்கையில் "இது அவர் குரலே" என்று எழுதித் தருவார்களா?

எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். எழுதக் கூடாது. ஆய்வாளர் சொல்லக்கூடியது விகிதம்: இருவரும் ஒருவரே என்றால் இந்த அளவுகள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, வேறொரு நெல்லை ஆண் என்றால் எவ்வளவு வாய்ப்பு, முதலாவது இரண்டாவதைப் போல் எத்தனை மடங்கு. குற்றவாளி யார் என்பது நீதிபதி மற்றச் சாட்சியங்களோடு சேர்த்துத் தீர்மானிப்பது. ஸ்பெக்ட்ரோகிராமைக் கண்ணால் பார்த்து "கைரேகை போல ஒத்துப்போகிறது" என்று சொல்லும் முறையை ஏற்க முடியாது என்று சர்வதேசத் தடயவியல் ஒலியியல் சங்கம் 2007லேயே தீர்மானம் போட்டது.

அறிக்கையைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எதைக் கேட்பது?

இரண்டு பதிவுகளின் வழித்தடமும் ஒன்றா என்பதை முதலில். தடம் வேறானால் ஒரே ஆளே வேறாள் போலத் தெரிவார், அது எல்லோருக்கும் தெரிந்தது. மறுபக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரே மாடல் போன், ஒரே கோடெக், ஒரே அறை என்றால் வெவ்வேறு ஆட்களும் நெருங்கித் தெரிவார்கள், ஏனென்றால் மென்பொருள் போனையும் சேர்த்தே அளக்கிறது. ஆகவே அடுத்த கேள்வி: இந்த மென்பொருளை, இந்த வழக்கின் நிலைமை போன்ற பதிவுகளில், விடை தெரிந்த ஜோடிகளை வைத்துச் சோதித்தீர்களா, தவறு எத்தனை வந்தது? குரல் ஒப்பீட்டு முறைகளைச் சரிபார்ப்பது பற்றி 2021இல் வெளியான நிபுணர்களின் பொது உடன்பாடு வலியுறுத்துவதும் வழக்கின் நிலைமையிலேயே சோதித்துப் பார்ப்பதைத்தான். ஐரோப்பிய மொழியில், அமைதியான ஸ்டூடியோப் பதிவில் 99 விழுக்காடு சரி என்ற விளம்பரத் தாளை நீட்டினால், அதில் தமிழ் எங்கே, 2ஜி எங்கே, கொடை மேளம் எங்கே என்று கேளுங்கள்.

பிறகு நிகரப் பேச்சு எத்தனை வினாடி, எந்த உயிரெழுத்துகளை அளந்தார்கள், முதல் ஃபார்மண்டைப் பயன்படுத்தினார்களா, எந்தக் குரல் தொகுப்போடு ஒப்பிட்டார்கள், ஒப்பிடும் முன் வழக்கு விவரம் அவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்று வரிசையாகக் கேட்கலாம்.

குரல் நகலெடுக்கும் மென்பொருளில் செய்த போலி என்றால் தெரியுமா?

நல்ல பதிவில் போலியின் தடங்கள் உயர் அதிர்வெண்ணிலும் மூச்சொலியிலும் மாட்டும் வாய்ப்பு உண்டு. போன் அந்த இரண்டையும்தான் முதலில் அழிக்கிறது. அதனால் போன் பதிவில் போலியைக் குரலை மட்டும் வைத்துப் பிடிக்க முயலாமல், அழைப்பு விவரம், டவர், கைப்பற்றிய போனில் அந்தக் கோப்பு எப்போது உருவானது ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அந்த எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை என்றால் ஃபார்மண்ட் அளக்க வேண்டிய வேலையே இல்லை.